உயரம் பெரிதா, ஊட்டும் கை பெரிதா?



இம்முறை நான் எழுதவிருப்பது இலக்கணத்தைப் பற்றியும் அன்று. தேர்வைப் பற்றியும் அன்று. கூடைப்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். "தமிழாசிரியருக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் கூடைப்பந்துத் திடலே கிடையாது என்பதும் உண்மைதான். ஆயினும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் ஸ்டீபன் கரி யார் என்று கேட்டுப் பாருங்கள். நேற்று நடத்திய பாடத்தைச் சொல்வதைவிட விரைவாகப் பதில் சொல்வான். கைப்பேசியின் வழியே அமெரிக்காவின் என்.பி.ஏ. கூட்டமைப்பு நம் பிள்ளைகளின் பேச்சுக்குள் நுழைந்துவிட்டது. அவர்கள் வாதிடும் பொருளைப் பற்றி நாமும் ஒரு கருத்து வைத்திருப்பதில் தவறில்லை.

அவர்களும், ஏன், ஆசிரியர் அறையில் நாமும் ஓயாமல் வாதிடும் வினா ஒன்று உண்டு. ஓர் அணியிடம் ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள, வலிமை மிக்க நடு ஆட்டக்காரர் இருக்கிறார். கூடையின் அடியில் நின்று எதிரணியின் பந்துகளைப் பறித்து வருபவர் அவர். மற்றோர் அணி அவரைக் கேட்கிறது. ஈடாக, பந்தைத் தட்டிக்கொண்டு வந்து யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவுசெய்யும் ஆட்டக்காரரைத் தருகிறது. கூடைப்பந்து மொழியில் இவரைப் 'பாயிண்ட் கார்ட்' என்பார்கள். உயரமானவரைக் கொடுத்து இவரை வாங்கலாமா?

வாங்கலாம் என்பதே என் முடிவு. வாங்கவேண்டும் என்றே சொல்வேன். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வாதம் தொடங்கிய இடம்

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அப்போது ஞாயிறு இரவு. இண்டியானா பேசர்ஸ் அணிக்கும் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கும் இடையிலான இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் நம் நேரப்படி காலையில் நடந்துகொண்டிருந்தது. ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கைப்பேசியை நீட்டினார். இண்டியானாவின் பாயிண்ட் கார்ட் டைரீஸ் ஹாலிபர்ட்டன் தரையில் விழுந்து கையால் தரையை அறைந்துகொண்டிருந்தார். வலக்காலின் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. முதல் கால்பகுதி முடியும் முன்பே அவருடைய ஆட்டம் முடிந்தது.

"பார்த்தீர்களா சார்? இவருக்காகத்தான் சபோனிஸைக் கொடுத்தார்கள். கண்ணாடிக் காலை வாங்கியிருக்கிறார்கள். சாக்ரமெண்டோ தப்பித்தது!" என்றார் அவர்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அவர் நல்லவர், விளையாட்டை அறிந்தவர். ஆனாலும் அவர் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதை அந்தப் பத்து நிமிட ஓய்வில் என்னால் விளக்க முடியவில்லை. மணி அடித்துவிட்டது. ஆகவே இங்கே விளக்குகிறேன்.

நடந்த பரிமாற்றம்

2022 பிப்ரவரி 8-ஆம் நாள் இண்டியானா அணி தன் நடு ஆட்டக்காரர் டொமன்டாஸ் சபோனிஸைச் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்குக் கொடுத்தது. ஜெரமி லாம்ப், ஜஸ்டின் ஹாலிடே ஆகியோரும் உடன் சென்றனர். சாக்ரமெண்டோவிலிருந்து ஹாலிபர்ட்டனும் பட்டி ஹீல்டும் டிரிஸ்டன் தாம்சனும் வந்தனர். மற்றவர்களை விடுங்கள். உண்மையான பரிமாற்றம் சபோனிஸுக்கும் ஹாலிபர்ட்டனுக்கும் இடையில்தான்.

சபோனிஸ் யார்? லித்துவேனியாவின் பெரும்புகழ் பெற்ற ஆர்விடாஸ் சபோனிஸின் மகன். அப்போது வயது 25. அனைத்து நட்சத்திர ஆட்டத்திற்கு இருமுறை தேர்வானவர். ஹாலிபர்ட்டனுக்கு 22 வயதுகூட நிறையவில்லை. 2020-ஆம் ஆண்டின் புதுமுகத் தேர்வில் 12-ஆவதாக எடுக்கப்பட்டவர். அவர் கூடையை நோக்கி எறியும் விதமே விந்தையானது. பயிற்சி நூல்கள் கற்பிக்கும் முறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. பெயர் நிலைநாட்டிய ஒருவரைக் கொடுத்து, பெயர் இன்னும் எழுதப்படாத ஒருவரை இண்டியானா வாங்கியது.

இரு அணிகளுக்கும் காரணம் இருந்தது. இண்டியானாவில் சபோனிஸும் மைல்ஸ் டர்னரும் என இரு உயரமானவர்கள் கூடையின் அடியில் ஒருவர் இடத்தில் ஒருவர் முட்டிக்கொண்டனர். சாக்ரமெண்டோவில் டீஆரன் ஃபாக்ஸும் ஹாலிபர்ட்டனும் என இருவருக்கும் பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம் வரும். மிகுதியாக இருந்ததைக் கொடுத்துக் குறையாக இருந்ததை வாங்கினார்கள். இது நேர்மையான பண்டமாற்று. ஆனால் சாக்ரமெண்டோவில் நிலைத்திருக்கவே விரும்பிய இளைஞரை அந்த அணி அனுப்பிவைத்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

சாக்ரமெண்டோவுக்குக் கிடைத்தது

எதிர்த்தரப்பின் கணக்கை முதலில் நேர்மையாக வைக்கிறேன். சாக்ரமெண்டோ 2006-க்குப் பின் பிளே-ஆஃப் சுற்றைக் கண்டதே இல்லை. தொடர்ந்து 16 பருவங்கள்! என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக நீண்ட வறட்சி அது. சபோனிஸ் வந்தபின் அமைந்த முதல் முழுப் பருவமான 2022-23-இல் அந்த அணி 48 ஆட்டங்களில் வென்று மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அரங்கின் உச்சியிலிருந்து ஊதா ஒளி வானில் பாய்ச்சப்பட்டது. ஊரே திருவிழாக் கோலம் கொண்டது. சபோனிஸ் அப்பருவத்திலும் அடுத்த இரு பருவங்களிலும் கூட்டமைப்பிலேயே மிகுதியான ரீபவுண்டுகளை எடுத்தார். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதைத்தான் ரீபவுண்ட் என்கிறோம். இவற்றை மறைத்துவிட்டு வாதிடுவது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆனால் பிளே-ஆஃப் சுற்றில் என்ன நடந்தது? கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஓர் எளிய உண்மையைக் கண்டுபிடித்தது. சபோனிஸ் தொலைவிலிருந்து எறிவதில் அச்சமூட்டுபவர் அல்லர். ஆகவே அவரைக் காக்க வேண்டிய கெவான் லூனி சற்றே பின்வாங்கி நின்றுகொண்டார். அப்படி நின்றதால் கூடைக்குச் செல்லும் வழியும் அடைபட்டது. சபோனிஸ் மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுக்கும் வழியும் அடைபட்டது. கூட்டமைப்பின் ரீபவுண்ட் மன்னருக்கு எதிரே நின்று லூனி மூன்று ஆட்டங்களில் 20-க்கும் குறையாத ரீபவுண்டுகளை எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் ஸ்டீபன் கரி 50 புள்ளிகளைக் குவித்துக் கதையை முடித்தார். முடித்தவர் யார் என்று பாருங்கள். 6 அடி 2 அங்குல உயரமுள்ள பாயிண்ட் கார்ட்!

அதன்பின் சாக்ரமெண்டோ 2024-இலும் 2025-இலும் தகுதிச் சுற்றோடு திரும்பியது. பயிற்றுநர் மைக் பிரவுன் 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். ஹாலிபர்ட்டனை அனுப்பிவிட்டு எந்த ஃபாக்ஸைக் காத்துக்கொண்டார்களோ, அந்த ஃபாக்ஸும் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்குச் சென்றுவிட்டார். சபோனிஸ் தம் கடமையில் குறைவைக்கவில்லை. ரீபவுண்டுகள் வந்துகொண்டே இருந்தன. வெற்றிகள்தாம் வரவில்லை.

இண்டியானாவுக்குக் கிடைத்தது

இண்டியானாவின் வரவு உடனே கண்ணுக்குத் தெரியவில்லை. பரிமாற்றம் நடந்த பருவத்தில் 25 வெற்றிகள், அடுத்த பருவத்தில் 35, அதற்கடுத்ததில் 47, 2024-25-இல் 50. ஏணிப்படி போல ஏறிய இந்தக் கணக்கைப் பாருங்கள். 2024-இல் கிழக்குப் பிரிவின் இறுதிக்கு வந்தார்கள். 2025-இல் என்.பி.ஏ. இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு 64 ஆட்டங்களில் வென்றிருந்த கிளீவ்லண்டு அணியை ஐந்தே ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருடன் ஆடியவர்கள் யார் யார்? ஆரன் நெஸ்மித், பாஸ்டன் அணி விட்டுக்கொடுத்தவர். ஓபி டாப்பின், நியூயார்க் அணி விட்டுக்கொடுத்தவர். ஆண்ட்ரூ நெம்ஹார்ட், புதுமுகத் தேர்வில் முதல் சுற்றில் யாரும் எடுக்காதவர். டி.ஜே. மெக்கானல், எந்தச் சுற்றிலுமே எடுக்கப்படாதவர். பாஸ்கல் சியாக்கம் என்ற தேர்ந்த ஆட்டக்காரரும் இருந்தார். ரிக் கார்லைல் என்ற தேர்ந்த பயிற்றுநரும் இருந்தார். அவர்களின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மற்ற அணிகளில் கடைசி வாங்கில் அமர்ந்திருந்தவர்கள் இங்கே முன்வரிசைக்கு வந்தது எதனால்? பந்து சரியான நேரத்தில், சரியான உயரத்தில், சரியான கைக்கு வந்து சேர்ந்ததால்தான். 2025 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் நெஸ்மித் 30 புள்ளிகள் எடுத்தார். அவர் பாஸ்டனிலும் இதே கைகளோடுதான் இருந்தார்.

மே 27-ஆம் நாள் ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் 32 புள்ளிகள் எடுத்தார். 15 முறை பிறர் புள்ளியெடுக்கப் பந்தைக் கொடுத்தார். 12 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஒருமுறைகூடப் பந்தை எதிரணியிடம் இழக்கவில்லை. பந்திழப்புக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியபின், பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் பந்தையே இழக்காமல் 30 புள்ளிகளும் 15 அசிஸ்டுகளும் 10 ரீபவுண்டுகளும் கடந்தவர் வேறு எவரும் இல்லை. ஜூன் 5-ஆம் நாள் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூட முன்னிலை பெறாத இண்டியானா, ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்கே எஞ்சியிருந்தபோது அவர் எறிந்த பந்தால் 111-110 என வென்றது.

இவை அனைத்தும் நிகழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அமெரிக்க இதழ் ஒன்று ஆட்டக்காரர்களிடமே பெயர் வெளியிடாமல் நடத்திய வாக்கெடுப்பில், 'தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர்' என்ற பட்டியலில் முதலிடத்தை ஹாலிபர்ட்டனுக்குக் கொடுத்திருந்தார்கள். உடன் தொழில் செய்பவர்களின் கண்ணுக்கே புலப்படாத திறமை அது. ஏன் புலப்படவில்லை? ஏனெனில் அது அவர் உடம்பில் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் புள்ளிக்கணக்கில் ஒளிந்திருக்கிறது.

"உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது"

கூடைப்பந்துப் பயிற்றுநர்களிடையே வழங்கும் பழைய வாக்கு இது. எங்கள் உடற்கல்வி ஆசிரியரின் மந்திரமும் இதுவே. ஓடக் கற்றுக்கொடுக்கலாம், எறியக் கற்றுக்கொடுக்கலாம், உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பார்.

உண்மைதான், முடியாது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியன்று. கற்றுக்கொடுக்க முடியாதது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடுமா? ஆசிரியர்களாகிய நாமே அப்படிச் சொன்னால் நம் தொழிலுக்கு என்ன பொருள்? மேலும், களத்தைப் பார்த்து, ஒரு நொடி முன்னதாக முடிவெடுத்துப் பந்தைப் பிறனுக்குக் கொடுக்கும் மனத்தையும் எளிதில் கற்றுக்கொடுத்துவிட முடியாது. அது ஏழடி உயரத்தைக் காட்டிலும் அரிதானது என்பேன்.

வரலாற்றையும் பார்ப்போம். ஒரு காலத்தில் உயரமே அரசாண்டது. 6 அடி 10 அங்குல உயரமுள்ள பில் ரசல் 13 பருவங்களில் 11 முறை பாஸ்டனுக்கு வாகை சூட்டினார். இதை யாரால் மறுக்க முடியும்? ஆனால் அந்த அரசைக் குறைக்க ஆட்டத்தின் விதிகளே மாற்றப்பட்டன. ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைத் தணிக்க 1951-இல் கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் சேம்பர்லின் வந்தபின் 1964-இல் அதையே 16 அடியாக்கினார்கள். 1979-80-இல் மூன்று புள்ளிக் கோடு வந்தது. தொலைவிலிருந்து எறிபவனுக்கு மதிப்புக் கூடியது. 2001-02-இல் ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கும் தற்காப்பு அனுமதிக்கப்பட்டது. கூடையடியில் நிற்பவரைச் சூழ்ந்துகொள்வது எளிதாயிற்று. 2004-05-இல் பந்தைக் கொண்டுவருபவரைக் கையால் தடுத்து நிறுத்தும் வழக்கத்தை நடுவர்கள் கண்டிப்போடு தண்டிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாற்றமும் பாயிண்ட் கார்டின் பாதையைத் திறந்துவிட்டது. விதி மாறியபின்னும் பழைய விலையிலேயே உயரத்தை வாங்குபவன் ஏமாறுவான்.

ஒரே அணி, இருமுறை செய்த பிழை

டாலஸ் மேவரிக்ஸ் அணியின் கதையை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

2004-இல் அந்த அணியின் பாயிண்ட் கார்ட் ஸ்டீவ் நாஷ். வயது 30 ஆகிவிட்டது, முதுகுவலி வேறு. ஃபீனிக்ஸ் அணி கொடுத்த விலையைக் கொடுக்க டாலஸ் மறுத்து அவரைப் போகவிட்டது. அதே கோடையில் எரிக் டாம்பியர் என்ற உயரமான நடு ஆட்டக்காரருக்குப் பெரும்பொருள் கொடுத்து ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. அடுத்த பருவத்தில் ஃபீனிக்ஸ் 29 வெற்றிகளிலிருந்து 62 வெற்றிகளுக்குத் தாவியது. கூட்டமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது 2005-இலும் 2006-இலும் நாஷுக்கே கிடைத்தது. டாம்பியர் என்ன ஆனார் என்று கேட்பவர்கூட இன்று இல்லை. டாலஸ் 2006-இல் இறுதிச் சுற்றுக்கு வந்தது. 2011-இல் வாகையும் சூடியது. டிர்க் நோவிட்ஸ்கியின் தோளில் ஏறி வந்த பெருமை அது. 2011-இல் அந்த அணியின் பந்தை நடத்தியவர் யார் தெரியுமா? 38 வயது நிரம்பிய ஜேசன் கிட். ஆக, போகவிட்ட இடத்தை நிரப்ப மீண்டும் ஒரு பாயிண்ட் கார்டைத்தான் தேடிப் பிடிக்கவேண்டி வந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரித் தொடக்கத்தில், அதே அணி அதைவிடப் பெரிய பிழையைச் செய்தது. தன்னை முந்தைய ஆண்டின் இறுதிச் சுற்றுக்கே அழைத்துச் சென்ற, 25 வயதே ஆன லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. வாங்கியது 31 வயது ஆண்டனி டேவிஸை. உயரம், தற்காப்பு, வலிமை என்று காரணம் சொன்னார்கள். டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். டாலஸ் அந்த ஆண்டு பிளே-ஆஃப் சுற்றுக்கே வரவில்லை. ஏப்ரல் மாதம் டோன்சிச் விருந்தாளியாக டாலஸ் அரங்குக்கு வந்து 45 புள்ளிகள் எடுத்தார். பரிமாற்றத்தைச் செய்த பொது மேலாளர் நிகோ ஹாரிசன் 2025 நவம்பரில் பதவி இழந்தார்.

விதிவிலக்கு

"2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுகளும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர்கள் உயரமானவர்கள்தாமே? யானிஸ், யோக்கிச், எம்பீட் என்று வரிசையாக நிற்கிறார்களே?" என்று கேட்பீர்கள். நல்ல வினா. இங்கேதான் நான் சொன்ன விதிவிலக்கு வருகிறது.

டென்வர் அணியின் நிக்கோலா யோக்கிச்சைப் பாருங்கள். உயரம் 6 அடி 11 அங்குலம். ஓட்டத்தில் வேகமில்லை, தாவலில் உயரமில்லை. 2014-ஆம் ஆண்டின் புதுமுகத் தேர்வில் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர். ஆனால் 2024-25 பருவத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்த முதல் நடு ஆட்டக்காரர் ஆனார். 2023-இல் டென்வருக்கு முதல் வாகையைச் சூட்டினார். அவர் நடு ஆட்டக்காரரின் உடம்பில் குடியிருக்கும் பாயிண்ட் கார்ட். உயரமானவரே ஊட்டும் கையும் உடையவராக இருந்து, தொலைவிலிருந்தும் எறிய வல்லவராயின், அவரைக் கொடுக்காதீர்கள். எவருக்கு ஈடாகவும் கொடுக்காதீர்கள்.

சபோனிஸும் நன்றாகப் பந்து கொடுப்பவர்தாமே என்பீர்கள். ஆம், 2023-24-இல் ஆட்டத்திற்குச் சராசரியாக 8.2 அசிஸ்டுகள். ஆனால் மேலே சொன்ன லூனியின் கதையை நினைத்துப் பாருங்கள். எறிவார் என்ற அச்சம் இல்லாதபோது கொடுக்கும் வழியும் அடைபடுகிறது. அந்த ஓர் அங்குல வேறுபாடுதான் யோக்கிச்சையும் சபோனிஸையும் பிரிக்கிறது. பாயிண்ட் கார்ட் என்பது ஓர் உயரத்தின் பெயரன்று, ஒரு பணியின் பெயர் என்பதை இவ்விருவரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கால்

இனி, என்னை உறுத்திய சொல்லுக்கு வருகிறேன்.

ஹாலிபர்ட்டன் விழுந்த அந்த ஆட்டத்தில் இண்டியானா 91-103 என்று தோற்றது. வாகை கைநழுவியது. 2025-26 பருவம் முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அணி அறிவித்தது. அவரை வாங்கியபோது காத்துக்கொள்ளப்பட்ட மைல்ஸ் டர்னரும் அடுத்த மாதமே மில்வாக்கிக்குச் சென்றுவிட்டார். ஆகவே பரிமாற்றமே தவறு என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்தவற்றைக் கொண்டுதான் எடைபோடவேண்டும். மூன்றரை ஆண்டுகள் கழித்து நேர்ந்த விபத்தைக் கொண்டு எடைபோடுவது நேர்மையன்று. ஆண்டு முழுவதும் உழைத்துப் படித்த பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் விழுந்தால், "படித்தது வீண்" என்று நாம் சொல்வோமா? மேலும், உயரமானவர்களின் கால்கள் மட்டும் இரும்பாலா ஆனவை? 7 அடி 6 அங்குல உயரமுள்ள சீனாவின் யாவ் மிங், கால் எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்ததால் 30 வயதிலேயே ஓய்வு பெற்றதை நம் வட்டார மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். டேவிஸின் கதையை இப்போதுதான் சொன்னேன். உடம்பு யாருடையதாயினும் உடையக்கூடியதே.

அந்த ஏழாவது ஆட்டத்திலும் காயம்படுவதற்கு முன் ஏழே நிமிடங்களில் அவர் ஒன்பது புள்ளிகள் எடுத்திருந்தார். கெண்டைக்காலில் ஏற்கெனவே வலி இருந்தும் களமிறங்கினார். அப்படிப்பட்டவரைக் 'கண்ணாடிக் கால்' என்று ஏளனம் செய்வதை நம் மாணவர்கள் நம் வாயிலிருந்து கேட்கலாமா?

நான் செய்த பரிமாற்றம்

இவ்வளவு உறுதியாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பிழையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் மஞ்சள் இல்லத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். இல்லங்களுக்கிடையே பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்துப் போட்டி. எங்கள் இல்லத்தில் உயரமான பிள்ளை எவளும் இல்லை. நீல இல்லத்தில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஆசிரியைகளைவிட உயரமாக இருந்தாள். நீல இல்லப் பொறுப்பாசிரியையிடம் பேசி அவளை வாங்கினேன். ஈடாக ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கொடுத்தேன். சின்னஞ்சிறு உருவம்; ஆனால் ஓயாமல் ஓடுவாள், ஓயாமல் பந்து கொடுப்பாள். அவளைக் கொடுப்பதில் எனக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

வலைப்பந்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று நொடிக்குள் கொடுத்தாகவேண்டும். எங்கள் உயரமான பிள்ளை வளையத்தின் கீழே கையை உயர்த்தியபடி நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பந்து அவளிடம் வந்து சேரவே இல்லை. எதிர்ப்பக்கம் நான் கொடுத்த சிறுமி, திடலின் நடுவில் நின்று எல்லாருக்கும் பந்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். நீல இல்லம் வென்றது.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த உயரமான பிள்ளை, தோல்விக்குத் தானே காரணம் என்று அழுதாள். அவள்மீது ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது. மறுநாள் காலை பள்ளி வாசலில் அந்தச் சிறுமியின் தாயார் என்னை நிறுத்தினார். "ஏன் சார், எங்கள் பிள்ளை உங்கள் இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாமே? இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள், சார்" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

என்.பி.ஏ. ஆட்டக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம் உண்டு. பரிமாற்றம் அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்களை நாம் எதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வள்ளுவர் ஆளையறிந்து பணியில் அமர்த்துவதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதை வகுப்பில் நடத்துகிறோம். திடலுக்கு வந்ததும் அளவுகோலை எடுத்துக்கொண்டு உயரத்தை அளக்கிறோம். பெற்றோர்களும் அப்படித்தான். ரீபவுண்ட் என்பது ஒருவர் பெயரில் எழுதப்படும் கணக்கு. அசிஸ்ட் என்பது இருவர் கைபட்டால்தான் கணக்காகும். மற்றவன் எறிந்து விழவேண்டும். தேர்ச்சி அறிக்கையில் முதல் வகைக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. பக்கத்து மாணவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து அவனைத் தேறவைத்த பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் புள்ளி போடுகிறோம்?

ஆகவே உடற்கல்வி ஆசிரிய நண்பருக்கு என் விடை இதுதான். 2022 பிப்ரவரி 8-ஆம் நாள் மீண்டும் வந்து, பின்னால் நேரவிருக்கும் காயமும் முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தாலும், நான் இண்டியானாவின் இருக்கையில் இருந்தால் அதே பரிமாற்றத்தையே செய்வேன். சபோனிஸுக்கு நன்றி சொல்லி, கைகுலுக்கி அனுப்பிவைப்பேன். ஹாலிபர்ட்டனை வாசலில் நின்று வரவேற்பேன்.

அடுத்த விளையாட்டு மாதத்தில் இல்ல அணிகளைத் தேர்வுசெய்யும்போது, பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒரு பந்தைக் கொடுத்து ஆடவிடுங்கள். யார் எறிகிறார்கள் என்று பார்க்காமல், யாரிடமிருந்து பந்து வருகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். அதன்பின் பெயர்களை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகிய தமிழாசிரியன்